பறக்கும்போது இயந்திரம் நின்றால்?

விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பும் நேரம் பார்த்து மோட்டார் சைக்கிள் நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள்? டாங்கியை ஆட்டிப் பார்ப்பீர்கள். பிளக்கைக் கழற்றித் துடைப்பீர்கள். அதற்கும் மசியவில்லையென்றால் ஓரமாகத் தள்ளிவிட்டு நடந்தே போவீர்கள். அதே கோளாறு 1,000 அடி உயரத்தில் வந்தால்? தள்ளி நிறுத்த அங்கே ஓரம் ஏது?

நான் ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். சிறிய விமானங்களைப் பழுது பார்க்கும் மெக்கானிக்காகப் பல ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவன். "இயந்திரம் நின்றால் விமானம் கல் மாதிரி விழுந்துவிடுமா?" என்றுதான் சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்பார்கள். விழாது. மூக்கைச் சற்றுத் தாழ்த்தி, உரிய வேகத்தை விடாமல் காத்தால் சறுக்கிக்கொண்டே இறங்கும். நான்கு பேர் அமரும் செஸ்னா 172 விமானம், காற்று அடங்கிய நாளில், 1,000 அடி உயரத்திலிருந்து ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர் தூரம் போகும். ஆகவே விமானிக்கு முதல் வேலை விமானத்தைப் பறக்க வைப்பது. அடுத்தது இறங்க இடம் பார்ப்பது. கோளாறைத் தேடுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

தேடுவதிலும் ஒரு முறை உண்டு. உங்கள் மோட்டார் சைக்கிளைப் போலவே இதற்கும் மூன்று வேண்டும்: தீப்பொறி, எரிபொருள், காற்று.

தீப்பொறி எளிதில் கைவிடாது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக்குகள். அவற்றுக்குத் தனித்தனியாக இரண்டு 'மேக்னெட்டோ'க்கள். பேட்டரி செத்தாலும் இவை வேலை செய்யும்.

எரிபொருள்தான் அடிக்கடி காலை வாரும். டாங்கி வற்றியிருக்கும், அல்லது குழாய்த் திருகு காலியான டாங்கியின் பக்கம் திரும்பியிருக்கும். நம் நாட்டு மழைக்கும் ஈரத்துக்கும் டாங்கியில் தண்ணீர் சேர்வதும் உண்டு. அதனால் பறப்பதற்கு முன்பு அடியிலிருந்து சிறிது எரிபொருளைக் கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பார்ப்போம். தண்ணீர் கனமானது, அடியில் தங்கும். இரண்டுக்கும் நடுவே கோடு தெரியும். ஆனால் குவளை முழுவதுமே தண்ணீராக இருந்தால் கோடு ஏது? அங்கேதான் ஏமாந்து போவார்கள். 100எல்எல் என்னும் விமானப் பெட்ரோலுக்கு நீலச் சாயம் சேர்த்திருப்பார்கள். நிறத்தைப் பார்த்தால் தப்பலாம்.

இன்னொரு எதிரி குளவி! டாங்கிக்குள் காற்றுப் போகும் சிறு குழாயில் மண்கூடு கட்டிவிடும். எரிபொருள் குறையக் குறைய உள்ளே காற்று வராமல் ஓட்டம் தடைப்படும். கீழே இறங்கி டாங்கி மூடியைத் திறந்தாலோ, காற்று 'புஸ்'ஸென்று நுழைந்துவிடும். இயந்திரம் ஒன்றும் நடக்காதது போல ஓடும்.

இதைவிடப் பெரிய கள்வன் காற்றுப் பாதையில் இருக்கிறான். அவன் பெயர் பனிக்கட்டி. "இந்த வெயிலிலா?" என்று சிரிக்காதீர்கள். கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாகும்போது அங்கே வெப்பம் 30 டிகிரிக்கு மேலும் இறங்கக்கூடும். காற்றில் உள்ள ஈரம் உறைந்து பாதையை அடைத்துவிடும். வெளியில் 38 டிகிரி வெப்பம் இருந்தாலும் இது நடக்கலாம் என்று விமானத் துறையினர் எச்சரிக்கிறார்கள். இதற்கு மருந்தாக ஒரு பிடி உண்டு. அதை இழுத்தால் புகைக்குழாயைச் சுற்றிச் சூடான காற்று உள்ளே போகும். சூடான காற்று அடர்த்தி குறைந்ததாகையால், நல்ல இயந்திரத்திலும் பிடியை இழுத்தவுடன் சுழற்சி முள் சற்று இறங்கும். இதை நினைவில் வையுங்கள்.

1980-களின் கடைசியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். தோட்டத்துப் பிள்ளை ஒருவன் விமானம் ஓட்டப் பயின்று வந்தான். தாயார் பால் மரம் வெட்டிச் சேர்த்த பணம், அக்கம்பக்கத்து லயத்தார் கைகொடுத்த பணம், எல்லாம் அந்தப் படிப்பில் இருந்தது. மழை விட்ட ஒரு மாலையில் தனியே பறந்து திரும்பும்போது இயந்திரம் நின்றுவிட்டது. பையன் பதறாமல் சறுக்கி ஓடுபாதையிலேயே இறக்கிவிட்டான். அரை மணி கழித்து இயந்திரத்தை முடுக்கினால் முதல் சுற்றிலேயே ஓடியது! "இயந்திரத்தில் குற்றமில்லை. சூட்டுப் பிடியை இழுக்க மறந்திருப்பான்" என்றார்கள் மேலிடத்தில். படிப்பையே நிறுத்திவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது.

நான் அவனைத் தனியே உட்கார வைத்து, "தம்பி, நிற்பதற்கு முன்னே முள் என்ன செய்தது?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் கொஞ்சமா இறங்குச்சு அண்ணே. அப்புறம் உதறல். நான் பிடியை இழுத்தேன். முள் அசையவே இல்லை."

மெல்ல இறங்கி, பிறகு உதறினால் அது பனிக்கட்டியின் அடையாளம். ஆனால் பிடியை இழுத்தும் முள் அசையவில்லை என்கிறானே! இயந்திரத்தை ஓடவிட்டுப் பிடியை நானே இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. மூடியைக் கழற்றினேன். பிடியிலிருந்து போகும் கம்பி, சூட்டுக் கதவோடு சேரும் இடத்தில் கவ்வி தளர்ந்து நழுவியிருந்தது. காலையில் சோதித்தபோது ஒழுங்காக இருந்தது, பறக்கும்போது அதிர்வில் விட்டுப்போயிருக்கிறது. பையன் பிடியை இழுத்தது உண்மை. கதவு திறக்காததும் உண்மை. அவன் படிப்பு நிற்கவில்லை.

பனிக்கட்டி உருகிவிட்டது, கம்பி மட்டும் சாட்சி சொல்ல மிஞ்சியது. "இப்போதுதான் ஓடுகிறதே" என்று அன்றைக்கு விட்டிருந்தால், அடுத்த நாள் அதே விமானத்தில் இன்னொரு வீட்டுப் பிள்ளை ஏறியிருப்பான்.

புல்வெட்டும் இயந்திரமானாலும், மருந்தடிக்கும் பம்பானாலும், உங்கள் மோட்டார் சைக்கிளானாலும் இதுவே வழி. நின்ற இயந்திரம் தானாக ஓடினால் கோளாறு தீர்ந்தது என்று பொருளல்ல. ஒளிந்துகொண்டது என்று பொருள். அதைத் தேடும்போது, ஓட்டியவர் மேல் பழி போடுவதற்கு முன், அவர் கண்டதையும் கேட்டதையும் முழுதாகக் கேளுங்கள். பாதிக் கோளாறு அந்தப் பேச்சிலேயே பிடிபட்டுவிடும்.