பார்ட் பார்ட்டா ஒரு ஊர்!

டூர் கிளம்பினா கோயில், கோட்டை, பீச்னு லிஸ்ட் போடுவோம். ஆனா ஜப்பானில் ஒரு ஊருக்குப் போனீங்கன்னா முதல்ல தபால் பெட்டி முன்னாடி நின்னு போட்டோ எடுப்பீங்க. பிளாஸ்டிக் மாடல் கிட் பெட்டியைத் திறந்தா ஒரு சட்டத்துல பாகங்கள் ஒட்டிக்கிட்டு இருக்குமே, அதே மாதிரி ஆள் உயரச் சட்டம். அதுக்கு நடுவுல தபால் பெட்டி! சும்மா பொம்மை இல்லை பாஸ். லெட்டர் போட்டா போய்ச் சேரும்!

ஊர் பேரு ஷிஸுவோகா. டோக்கியோவிலிருந்து புல்லட் ரயிலில் ஒரு மணி நேரம். 'ஹிகாரி' ரயிலா பார்த்து ஏறுங்க. வேகமா போகுதேன்னு 'நொஸோமி'யில ஏறிட்டா, ஷிஸுவோகாவை ஜன்னல் வழியா டாட்டா காட்டிட்டே தாண்டிப் போவீங்க. அது இங்கே நிக்காது! வானம் தெளிவா இருந்தா ஃபூஜி மலை தரிசனம் ஃப்ரீ. சுத்தி பச்சைப் பசேல்னு தேயிலைத் தோட்டங்கள்.

ஆனா மாடல் கார் பைத்தியங்களுக்கு இந்த ஊர்தான் காசி. டமியா, ஆவோஷிமா, ஃபுஜிமி எல்லாம் இங்கேதான். ஹசெகவா பக்கத்து ஊரான யாய்ஸுவில். 'குண்டம்' ரோபோ கிட்களைத் தயாரிக்கும் பண்டாய் தொழிற்சாலையும் இங்கே. ஜப்பானில் தயாராகும் பிளாஸ்டிக் மாடல்களில் 80 சதவீதத்துக்கும் மேல இந்தப் பகுதியிலிருந்துதான் போகுது!

ஏன் இந்த ஊரு? காரணம் மரம். 17-ம் நூற்றாண்டு ஆரம்பத்துல ஷோகன் டொகுகவா இயேயாசு பதவியை மகன்கிட்ட கொடுத்துட்டு இங்கே வந்து தங்கினார். அந்தக் காலத்துல கோட்டை, கோயில் வேலைக்கு வந்த தச்சர்கள் அப்படியே செட்டில் ஆயிட்டாங்கன்னு ஊர்க்காரங்க சொல்வாங்க. கைவேலை ஊரோட ரத்தத்துல கலந்தது அப்போதான்.

டமியா கம்பெனியே 1946-ல ஒரு மர அறுவை ஆலையாத்தான் ஆரம்பிச்சது. 1951-ல தீ விபத்து. மரமெல்லாம் சாம்பல். 1953-ல அறுவை வேலையை மூடிட்டு, மர மாடல்களை மட்டும் நம்பிக் களத்துல இறங்கினாங்க. அது சூடு பிடிக்கும்போது வெளிநாட்டு பிளாஸ்டிக் கிட்கள் வந்து குதிச்சது. சரி, நாமும் பிளாஸ்டிக்னு 1960-ல 'யமாட்டோ' போர்க்கப்பல் மாடல் போட்டாங்க. விலைப் போட்டியில நஷ்டம்! பிளாஸ்டிக்கை உருக்கி ஊத்துற உலோக அச்சுக்கு ஆகுற செலவு அப்படி. தோத்தாலும் விடலை. அடுத்து வந்த 'பேந்தர்' டாங்க் ஓடிச்சு. 1967-ல ஹோண்டா எஃப்-1 ரேஸ் காரை 1/12 அளவுல கொண்டு வந்தாங்க.

இனிமேதான் மேட்டரே. 1970-களில் போர்ஷே 934 காரை மாடலா செய்ய முடிவு பண்ணாங்க. கம்பெனியை நடத்தின ஷுன்சகு டமியா போட்டோ எடுத்தார், அளவெடுத்தார். திருப்தி வரலை. கடைசியில என்ன செஞ்சார் தெரியுமா? ஒரு நிஜ போர்ஷே 911-ஐ விலைக்கு வாங்கி, நட்டு போல்ட் உட்பட கழற்றிப் போட்டுட்டார்! திரும்பப் பூட்ட போர்ஷே மெக்கானிக்குகளை வரவழைக்க வேண்டியதாப் போச்சு. 1976-ல அந்த 1/12 கிட் வந்தது. ஆன செலவை எடுக்கணுமே? அதே பாடிக்கு மோட்டார் வெச்சு ரிமோட் காரா விட்டாங்க. செம ஹிட்! டமியாவோட ரிமோட் கார் வரிசையே அங்கே ஆரம்பிச்சதுதான். 2025-ல, தன் 90-வது வயசுல ஷுன்சகு டமியா காலமானார். அவர் விட்டுட்டுப் போன பாடம் ஒண்ணுதான்: பிரிச்சுப் பார்க்காத பொருளை நமக்குத் தெரியும்னு சொல்லிக்கக் கூடாது.

நாலு வருஷம் மெக்கானிக்கல் படிச்சு, சஸ்பென்ஷன் படத்தை எக்ஸாம்ல பத்து தடவை வரைஞ்சிருப்பீங்க. நிஜத்துல அது எந்த இடத்துல எதோட சேருதுன்னு கேட்டா? ஒரு 1/24 கிட்டை உக்காந்து பூட்டுங்க, விரலுக்கே பதில் தெரியும். நாலரை மீட்டர் கார், 24-ல ஒரு பங்காகி 19 சென்டிமீட்டருக்குள்ள அடங்கி மேஜை மேல நிக்கும். உள்ளே சீட், ஸ்டீயரிங், அச்சு, சைலன்ஸர் எல்லாம் இருக்கும்.

பூட்டுறது பாதிதான், பெயின்ட்தான் மீதி. இங்கே ஒரு கணக்கு. மாடல் மேல கால் மில்லிமீட்டர் தடிமனா பெயின்ட் அப்பினா, நிஜக் கார்ல அது 6 மில்லிமீட்டர்! கதவு இடுக்கெல்லாம் அடைஞ்சு போயிடும். அதனாலதான் மெல்லிசா ஒரு கோட், காய விடு, திரும்ப ஒரு கோட். முதல்ல நிப்பரால பாகத்தை நறுக்கி, தழும்பை உப்புத்தாளால தேய்ச்சு, பிரைமர் அடிச்சு, அப்புறம்தான் கலர். மேல கிளியர், அதுக்கப்புறம் பாலிஷ். ஒட்டுற சிமென்ட்கூட சாதாரண பசை இல்லை. பிளாஸ்டிக்கையே லேசா கரைச்சு ரெண்டையும் ஒண்ணாக்கிடும். தப்பான இடத்துல விட்டா போச்சு! பதறாத காரியம் சிதறாதுன்னு பாட்டி சொன்னது இதுக்குத்தானோ என்னவோ.

சென்னைவாசிகளுக்கு ஒரு எச்சரிக்கை. மழை நாள்ல ஸ்ப்ரே பண்ணாதீங்க. காத்துல இருக்குற ஈரம் பெயின்ட்ல உக்காந்து வெள்ளையா பூத்துடும். ஜன்னலைத் திறந்து வெச்சு, முகத்துக்கு ரெஸ்பிரேட்டர் மாஸ்க் போட்டுத்தான் அடிக்கணும். ஹாஸ்டல் ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு அடிச்சா, வார்டன் மட்டுமில்ல, உங்க நுரையீரலும் மெமோ கொடுக்கும்.

ஷிஸுவோகா போற சான்ஸ் கிடைச்சா மே மாசமா பாருங்க. 1959-ல ஆரம்பிச்ச ஷிஸுவோகா ஹாபி ஷோ அப்போதான் நடக்கும். கம்பெனிகளோட புது மாடல் ஒரு பக்கம் இருக்கட்டும். 1990-லிருந்து ரசிகர் கிளப்புகள் தங்கள் கையால செஞ்ச மாடல்களை அங்கே மேஜை போட்டு வெக்கிறாங்க. அந்த ஹாலுக்கு முதல்ல ஓடுங்க. துருப்பிடிச்ச பழைய வேன், சேறு தெறிச்ச ராலி கார்னு அத்தனையும் யாரோ ஒருத்தர் ராத்திரி கண்ணு முழிச்சுச் செஞ்சது. மே மாசம் தோதுப்படலையா? ஸ்டேஷன் தெற்கு வாசல் பக்கமே 'ஹாபி ஸ்கொயர்' இருக்கு. ஊர்க் கம்பெனிகளோட மாடல்களை அங்கே பார்க்கலாம்.

டிக்கெட்டுக்கு வழியில்லையா? பரவாயில்லை, ஊரையே பெட்டிக்குள்ள போட்டு அனுப்புறாங்களே! விலை பாக்கெட் மணிக்குக் கொஞ்சம் கனம்தான். அதனால நிப்பர், சிமென்ட், பெயின்ட்டை நாலு ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து வாங்குங்க. கிட் மட்டும் ஆளுக்கு ஒண்ணு. முதல் காரே ஃபெராரியா, அதுவும் நூத்துக்கணக்குல பாகம் உள்ளதா இருக்கணும்னு அடம் பிடிக்காதீங்க. பாதியில நின்ன பெரிய காரைவிட, முடிஞ்ச சின்ன கார் அழகு. ஒரு கோட் அடிச்சாச்சா? மூடி வெச்சுட்டு போய் செமஸ்டருக்குப் படிங்க. அதுக்குள்ள காய்ஞ்சிருக்கும்!