பின் ஆசனத்துச் சாட்சி

என் தாயாருக்கு எழுபத்திரண்டு வயது. மோட்டார் வண்டிகளைப் பற்றி அவருக்கு இரண்டே அபிப்பிராயங்கள் உண்டு. அவை வேண்டாத வேகத்தில் போகின்றன என்பது ஒன்று. அவற்றை ஓட்டுகிறவர்கள் யார் சொல்வதையும் காதில் வாங்குவதில்லை என்பது மற்றொன்று. இரண்டாவது அபிப்பிராயத்துக்கு வேண்டிய ருசுவைச் சென்ற பங்குனியில் நானே அளித்தேன்.

கண் வைத்தியத்துக்காக மாதம் இரு முறை அவரை மேச்சேரியிலிருந்து சேலத்துக்கு அழைத்துப் போவது வழக்கம். ஓமலூர் வரையில் ஊர்ச் சாலை. பஸ்ஸும், டிராக்டரும், எங்கள் ஊர்ப் பெயரையே தாங்கிய மேச்சேரிச் செம்மறி மந்தையும் குறுக்கிடும் அந்தச் சாலையில் ஐம்பது கிலோமீட்டர் வேகமே பெரிது. ஓமலூரில் பெங்களூர் நெடுஞ்சாலையைப் பிடித்ததும் வண்டி தொண்ணூறைத் தொடும். தொட்டவுடனே பின்னாலிருந்து குரல் வரும்.

“கண்ணு, வண்டி நடுங்குது. உக்கார்ற எடமெல்லாம் திமுதிமுங்குது.”

என் கையிலிருந்த ஸ்டியரிங் சக்கரமோ அசையாமல் இருந்தது. “ரோடு சரியில்லை, அம்மா” என்றேன். அடுத்த முறை, “காற்று பலமாக அடிக்கிறது” என்றேன். மூன்றாம் முறை பின்னால் உட்கார்ந்து வந்த என் மனைவியும் மாமியார் கட்சியில் சேர்ந்துகொண்டாள். எங்கள் குடும்ப சரித்திரத்தில் அது அபூர்வமான சம்பவம். ஆகவே விஷயம் கொஞ்சம் பெரிதுதான் என்று எனக்கே தோன்றிவிட்டது.

வண்டியைப் பட்டறை ஒன்றில் விட்டேன். அங்கிருந்த வாலிபர் அதைத் தெருக்கோடி வரையில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிப் பார்த்து, “ஒன்றுமில்லையே, சார்” என்றார். நான் வற்புறுத்தியதன் பேரில் எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டுகளை மாற்றினார்கள். பிறகு நான்கு சக்கரங்களுக்கும் வீல் பாலன்சிங் செய்தார்கள். இயந்திரம் நான்குக்கும் பூஜ்யம் காட்டியது. பதினோராயிரம் ரூபாய் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். நடுக்கமும் என்னோடு பத்திரமாக ஊர் திரும்பியது.

எங்கள் வீதியில், முப்பது வருஷம் லாரி ஓட்டி ஓய்ந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். சங்ககிரியும் நாமக்கல்லும் லாரிக்குப் பேர்போன ஊர்களாதலால் இந்தப் பக்கத்தில் அத்தகையவர்களுக்குப் பஞ்சமில்லை. டயரை இரும்புக் கம்பியால் ஒரு தட்டுத் தட்டி, எழுகிற ஓசையிலிருந்தே காற்று குறைந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள். என் கதையைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அம்மா எங்கே உக்காந்திருந்தாங்க, வாத்தியாரே?”

“பின்னால்தான், அண்ணே.”

“கையிலே ஆட்டமில்லே, உக்கார்ற எடத்துலே ஆட்டம். அப்புறம் எஞ்சினை எதுக்குக் கழட்டுனீங்க?”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. முன் சக்கரத்தின் கோளாறு பெரும்பாலும் ஸ்டியரிங் வழியாகக் கைக்கு வரும். பின் சக்கரத்தின் கோளாறு ஆசனத்துக்கும் தரைக்கும் வரும். பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் உதறினால் பிரேக் டிஸ்கைப் பார்க்கவேண்டும். ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது மட்டும் உதறினால் சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டுகளின் மூட்டுகளைச் சந்தேகிக்க வேண்டும். இவ்வளவும் வண்டியைப் பிரிக்காமலே தெரிந்துகொள்ளக் கூடியவை. வகுப்பில் வருஷந்தோறும், “சோதிக்காமல் முடிவு சொல்லாதே” என்று பிள்ளைகளை அதட்டுகிறவன் நான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், என் மகனைப் பின் ஆசனத்தில் உட்கார வைத்து நெடுஞ்சாலைக்குப் போனேன். ஜெர்மனியில் ஆகென் பல்கலைக்கழகத்தார் 2016-இல் வெளியிட்ட ‘ஃபைஃபாக்ஸ்’ என்ற செயலி அவனுடைய கைப்பேசியில் இருந்தது. கைப்பேசிக்குள் இருக்கும் உணர்வியைக் கொண்டு, விநாடிக்கு எத்தனை அதிர்வு என்று அது காட்டும். என் வண்டிச் சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 1.8 மீட்டர். தொண்ணூறு கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு 25 மீட்டர். ஆகவே சக்கரம் விநாடிக்குச் சுமார் 14 தடவை சுற்றவேண்டும். எஞ்சினோ அதே சமயத்தில் நிமிஷத்துக்கு 3,000 சுற்று, அதாவது விநாடிக்கு 50.

“பதினாலு, அப்பா” என்றான் பையன்.

வேகத்தை அறுபத்தைந்துக்குக் குறைத்தேன். பத்து என்றான், அதிர்வும் மிகவும் அடங்கிவிட்டது. ஐந்தாவது கியரிலிருந்து நான்காவதுக்கு மாற்றி, அதே தொண்ணூறில் ஓட்டினேன். எஞ்சின் இரைச்சல் ஏறியது. அதிர்வோ பதினான்கிலேயே நின்றது. பாவம், எஞ்சின் நிரபராதி! அதற்காக மவுண்டுகளைத் தண்டனையாகக் கொடுத்துவிட்டேன்.

தொண்ணூறில் மட்டும் ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்கலாம். ஊஞ்சலை அதன் தாளத்துக்கு இசையத் தள்ளினால்தான் உயரப் போகும். டயரும் ஸ்பிரிங்கும் சேர்ந்து சக்கரத்துக்கு ஓர் இயற்கைத் தாளத்தை அளித்திருக்கின்றன. கார்களில் அது பெரும்பாலும் விநாடிக்குப் பத்திலிருந்து பதினைந்துக்குள் அமையும். சக்கரத்தின் சுழற்சி அந்த எண்ணை நெருங்கும்போது சிறு குறையும் கூத்தாடத் தொடங்குகிறது.

பாலன்சிங் இயந்திரத்தையும் நான் நிந்திக்க மாட்டேன். என் வண்டியின் சக்கர விளிம்பில் 30 கிராம் ஏறுமாறாக இருந்தால், தொண்ணூறில் அது நாலு கிலோ எடையின் விசையோடு இழுக்கும். நாற்பத்தைந்தில் ஒரு கிலோவாகக் குறைந்துவிடும். தெருக்கோடி வரை ஓட்டினவருக்கு ஒன்றும் புலப்படாததில் வியப்பில்லை. அந்த எடைக் குற்றத்தை இயந்திரம் திருத்திவிடும். ஆனால் சக்கரத்தை அது அந்தரத்தில் சுழற்றுகிறது. வண்டியின் பாரம் அதன்மேல் இல்லை. எடை சரியாக இருந்து உருவம் மட்டும் கோணியிருந்தால் அதற்குத் தெரிவதில்லை.

சந்தேகப்பட்ட சக்கரத்தை முன்னால் மாட்டி, நடுக்கம் ஸ்டியரிங்குக்கு வருகிறதா என்று பார்க்கும் முறையும் உண்டு. லாரிப் பெரியவர் தடுத்துவிட்டார். “கெட்ட டயரை முன்னாலே போட்டு வேகம் பாக்காதீங்க. மொதல்ல தூக்கிச் சுத்திப் பாருங்க.”

முன் சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்து, பின்புறத்தை ஜாக்கியில் தூக்கினோம். என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சாக்குக் கட்டி இருக்கும். அதை ஒரு செங்கல்லின்மேல் வைத்து, டயரைத் தொடாமல் மயிரிழை இடைவெளியில் பிடித்துக்கொண்டேன். மகன் சக்கரத்தைச் சுற்றினான். வலது சக்கரம் எங்கும் தொடாமல் ஓடியது. இடது சக்கரத்திலோ சுற்றுக்கு ஒரு தடவை ‘டக்’கென்று உரசல்! நிறுத்திப் பார்த்தால், ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளைக் கோடு.

சக்கரத்தைக் கழற்றியதும், வெளியிலிருந்து கண்ணுக்குப் படாத உட்பக்கத்துத் தோளில் கொழுக்கட்டைபோல ஒரு வீக்கம் தெரிந்தது. டயருக்குள்ளிருக்கும் எஃகுக் கம்பிப் பட்டை ரப்பரிலிருந்து பிரிந்துவிட்டது என்றார் பெரியவர். பக்கத்தில் ‘2317’ என்று நான்கு இலக்கங்கள். 2017-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர் என்பது அதன் அர்த்தம். பழைய வண்டியாக வாங்கியபோது நான் மைலேஜைக் கேட்டேன். வர்ணத்தைத் தடவிப் பார்த்தேன். இந்த நான்கு இலக்கங்களைப் படிக்கவில்லை.

பெரியவர் அந்த வீக்கத்தைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, “எங்கேயாவது தூரமாப் போனீங்களா இதுலே?” என்று கேட்டார்.

பொங்கல் விடுமுறையில் ஒகேனக்கல் போயிருந்தோம். திரும்பும்போது, விபத்துகளுக்குப் பெயர் பெற்ற தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில், முன்னும் பின்னும் பார லாரிகள் உருள, ஐந்து பேர் இந்த டயரை நம்பி இறங்கி வந்தோம். அன்றைக்கும் அம்மா ஏதோ சொன்னார். நான் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினேன். பெரியவருக்கு இதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

பின் சக்கரங்கள் இரண்டுக்கும் புது டயர் வாங்கிப் போட்டேன். அடுத்த தடவை சேலம் போகையில் ஓமலூர் தாண்டியது; எண்பது, தொண்ணூறு; பின்னால் சத்தமே இல்லை. கண்ணாடியில் பார்த்தேன். அம்மா தூங்கிக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போதுதான் மெதுவாக ஆரம்பித்தார். “கண்ணு, இந்தக் கதவு ஓரமா என்னமோ கிர்ருங்குது.”

நான் வண்டியை ஓரங்கட்டினேன்.