நெளிமுடிக்கும் ஃப்ரிஞ்ச் அழகுதான்

நெளிமுடிக்கு ஃப்ரிஞ்ச் (நெற்றியில் விழும்படி வெட்டிய முன்முடி) எடுபடாது என்று சொல்லிச் சொல்லியே பல பெண்களின் ஆசையை அடக்கிவிடுகிறார்கள். தாராளமாக எடுபடும். நான் வீட்டிலேயே வெட்டிக்கொள்கிறேன். ஃப்ரிஞ்ச் நமக்குப் புதிதும் அல்ல: 1960-இல் வந்த ‘லவ் இன் சிம்லா’ படத்துக்காக நடிகை சாதனாவின் அகன்ற நெற்றியை மறைக்க வெட்டிய ஃப்ரிஞ்ச்தான், பிறகு ஊரெங்கும் ‘சாதனா கட்’ ஆனது.

முதலில் ஒன்று: ஈர முடியில் கத்தரி வைக்காதீர்கள். ஈரம் பட்டால் முடிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் தளர்ந்து நெளிவு நீண்டு தொங்கும். காய்ந்ததும் சுருண்டு மேலேறிவிடும். புருவம் வரை வெட்டியது பாதி நெற்றியில் போய் நிற்கும். தலைக்குக் குளித்து, தானாகக் காயவிட்டு, அப்புறம் வெட்டுங்கள்.

முன்நெற்றியில் முக்கோணமாக வகிடெடுத்து, மீதி முடியை கிளிப் போட்டு ஒதுக்குங்கள். முடியை இழுத்துப் பிடிக்க வேண்டாம். மூக்கு நுனி அளவில் தொடங்கி, கத்தரியைச் செங்குத்தாகப் பிடித்து நுனியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுங்கள். குறுக்கே வெட்டினால் கோடு கிழித்த மாதிரி தெரியும். சுழி இருக்கும் பக்கத்தைச் சற்று நீளமாகவே விடுங்கள்.

காலையில் ஃப்ரிஞ்சை மட்டும் நனைத்து, துளி ஜெல் தடவி, விரலால் இடமும் வலமும் ஒதுக்கிக் காயவிட்டால் போதும். சென்னைப் புழுக்கத்தில் ஸ்ட்ரெய்ட்னர் போட்டாலும் காற்றின் ஈரம் நெளிவைத் திரும்பக் கொண்டுவந்துவிடும்.

நேராக்கினால்தான் அழகு என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், தோழிகளே. பிறவி நெளிவோடேயே வெட்டிப் பாருங்கள். பிடிக்காவிட்டாலும், முடி மாதம் சுமார் 1 செ.மீ. வளரத்தானே போகிறது!