முற்றத்திலிருந்து தொடங்குவோம்



வீடு நிறையச் சாமான். எங்கே கை வைப்பது என்று தெரியாமலே ஒவ்வொரு பாடசாலை விடுமுறையும் கழிந்து போகும். வடக்கிலிருந்து புத்தளத்துக்கு வந்த நிறையக் குடும்பங்களில் இதே கதைதான் என்பதால் எழுதுகிறோம்.

நாங்கள் மூன்று பிள்ளைகள், அதில் இருவர் ஆசிரியர்கள். எங்கள் உம்மா எதையும் எறிய விடமாட்டா. ஐஸ்கிரீம் டப்பா, யோகட் கோப்பை, கால் உடைந்த கதிரை, நாங்கள் படித்த காலத்துக் கொப்பிகள், எல்லாம் இருக்கும். அது சோம்பலும் இல்லை, பேராசையும் இல்லை. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணம் சோனகத்தெருவில் இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னபோது, முழு வீட்டையும் விட்டுவிட்டு வந்தவ. இங்கே கிடுகுக் கொட்டிலில் ஒரு வாளி வாங்கவும் காசில்லாமல் இருந்தவ. 2022இல் கேஸ் கிடைக்காதபோது அவ பத்திரப்படுத்திய பழைய விறகு அடுப்பில்தான் எங்களுக்குச் சோறு வெந்தது.

ஆனால் மழை வருகிறது. போன வருடம் பேரப்பிள்ளை ஒருவர் டெங்கு வந்து ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். டெங்கு நுளம்பு தெளிந்த தண்ணீர் தேங்கும் டப்பாவின் உட்பக்கத்தில் முட்டையிடும். அந்த முட்டை காய்ந்த பிறகும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீர் பட்டால் பொரித்து, ஏறக்குறைய பத்து நாளில் நுளம்பாகிப் பறக்கும்.

அதனால் அலுமாரியைத் தொடாமல் முற்றத்தில் தொடங்கினோம். முற்றத்துச் சாமானில் ஞாபகம் குறைவு, ஆபத்து அதிகம். அஸருக்குப் பிறகு அரை மணித்தியாலம் மட்டும். பாவிக்கிறதை உட்பக்கம் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்தோம். உடைந்ததை உரப்பையில் கட்டினோம். நேரம் முடிந்ததும் விட்டுவிட்டோம்.

அடுத்த கிழமை குசினி. மூடி இல்லாத டப்பா, டப்பா இல்லாத மூடி. அதற்கடுத்த கிழமை கொப்பிகள். நிறுத்து விற்ற காசை உம்மாவின் கையிலேயே கொடுத்தோம்.

அறைக்குள் போனதும் கேள்வியை மாற்றினோம். "இது வேணுமா உம்மா?" என்று கேட்டால் எல்லாமே வேணும். "இத யாருக்குக் குடுப்பம்?" என்று கேட்டோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. பிறகு அவவே சொல்லத் தொடங்கினா. இந்தச் சட்டி பக்கத்து வீட்டுப் புதுப் பெண்ணுக்கு, இந்தப் பாய் மதரஸாவுக்கு. 1990இல் அவவைக் கேட்காமல் எல்லாம் போனது. இப்போது அவ சொல்லித்தான் ஒவ்வொன்றும் போகிறது.

ஓர் இரும்புப் பெட்டியை மட்டும் நாங்கள் திறக்கவில்லை. முகாமில் தந்த நிவாரண அட்டையும் வாப்பாவின் கடிதங்களும் அதற்குள் இருக்கின்றன. அது உம்மாவுடையது.

வீடு இன்னும் பாதிதான் ஆகியிருக்கிறது. சாமானைப் பார்த்தாலே தலை சுற்றுகிறவர்கள் இந்தக் கிழமை முற்றத்துக்கு மட்டும் போங்கள். தண்ணீர் நிற்கக்கூடிய ஐந்து சாமானை எடுங்கள். மிச்சம் அடுத்த கிழமை, இன்ஷா அல்லாஹ்.