அகராதி ஏறிய அணைக்கட்டு

சுந்தரபாண்டியபுரம் என்றதும் சூரியகாந்தித் தோட்டமும் 1992-ல் வந்த 'ரோஜா' படமும்தான் பலருக்கு ஞாபகம் வரும். அங்கிருந்து தென்காசிக்கு பஸ் ஏறிப் படிக்கப் போகும் ஒரு மாணவன், புத்தகத்தில் 'அனிகட்' என்ற ஆங்கில வார்த்தையைப் பார்த்தால் என்ன செய்வான்? அகராதியைப் புரட்டுவான். தேவையே இல்லை. அது அவன் ஊர்ப்பக்கம் தினமும் சொல்லும் அணைக்கட்டுதான்! கல்லணைக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பெயரே கிராண்ட் அனிகட்.

இன்னும் இருக்கிறது. 'மலிகடானி' என்று பெரிய ஓட்டல்களில் ஒரு சூப். 'டா'வில் அழுத்தம் கொடுத்துச் சொல்ல வேண்டும். வேறொன்றுமில்லை, மிளகுத் தண்ணீர்! 'ஷெரூட்' என்றால் சுருட்டு. 'கேட்டமரேன்' என்றால் கட்டுமரம். மாணிக்கம், நீலம் இரண்டும் எந்தக் கனிமத்தின் வகைகளோ, அந்தக் 'கொரண்டம்' தமிழின் குருந்தம்.

தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னெல், யூல் என்பவருடன் சேர்ந்து தொகுத்த 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதி 1886-ல் வெளிவந்தது. இந்த மாதிரி வார்த்தைகள் அதில் ஏராளம்.

இதில் யோசிக்க ஒரு விஷயம் உண்டு. வெள்ளைக்காரர்களுக்கு மிளகும் வரவில்லை, 'ழ'வும் வரவில்லை. குற்றாலத்தைக் கோர்ட்டாலம் ஆக்கினார்கள். வாயில் வந்தபடி சொன்னார்கள், அதுவே சரியான உச்சரிப்பு என்று அகராதியில் ஏறிவிட்டது. ஆனால் கிராமத்து மாணவன் வகுப்பில் ஒரு ஆங்கில வார்த்தையைத் தப்பாகச் சொன்னால் வகுப்பே சிரிக்கிறது. அதற்குப் பயந்தே பலர் கடைசி வரை வாய் திறப்பதில்லை.

தப்பாகச் சொன்னால் திருத்துங்கள் நண்பர்களே, சிரிக்காதீர்கள்.