முதல் இன்வாய்ஸ் என்ன தேதி?

“முதல் இன்வாய்ஸ் என்ன தேதி, அங்கிள்?”

மளிகை மொத்த வியாபாரி தனக்கு நேர்ந்த துரோகத்தைப் பாதிதான் சொல்லியிருந்தார். கேட்ட பெண்ணுக்கு வழக்கறிஞராகி இரண்டாம் ஆண்டு. ஒப்பந்தக் கடனுக்கு வழக்குப் போட, தீபகற்ப மலேசியாவில் 1953-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் ஆறு ஆண்டுதான் தருகிறது. முதல் இன்வாய்ஸுக்கு அந்தக் கெடு முடியச் சில வாரங்களே பாக்கி.

ஜார்ஜ்டவுன் பீச் ஸ்ட்ரீட்டில், மாடியிலுள்ள அந்த அலுவலகத்தில் ஒரு காலைப்பொழுது உட்கார எனக்கு அனுமதி கிடைத்தது. பெயர்கள் வெளியே போகக் கூடாது என்பது நிபந்தனை.

வியாபாரி பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்தார். எண்ணெய்க் கறை படிந்த இன்வாய்ஸ்கள், சரக்கு இறக்கியதற்கான டி.ஓ.க்கள். வழக்கறிஞர் ஒவ்வொன்றாக எடுத்துத் தேதிவாரியாக அடுக்கினார். சாப் (முத்திரை) குத்தியவை ஒரு பக்கம். வெறும் கிறுக்கல் கையெழுத்து மறுபக்கம். சரக்கு வாங்கிய உணவகம் பாக்கி வைத்தது 80,000 வெள்ளிக்கு மேல். ஒரு லட்சம் வெள்ளிவரை மாஜிஸ்திரேட் நீதிமன்றம் விசாரிக்கும்.

அப்புறம் கைப்பேசி. “தீபாவளி முடிஞ்சதும் தந்துடுறேன் அண்ணே” என்று உணவகக்காரர் அனுப்பிய வாட்ஸ்அப். கடனைக் கையெழுத்திட்டு எழுத்தில் ஒப்புக்கொண்டால் ஆறு ஆண்டு புதிதாகத் தொடங்கும். வாட்ஸ்அப் செய்தி கையெழுத்தாகுமா? அன்றிரவு வழக்கறிஞர் தீர்ப்புகளைத் தேடிப் படிக்க வேண்டிய கேள்வி அது. நீதிமன்றத்தில் மணிக்கணக்காக வாதாடுவதே இந்தத் தொழில் என நினைத்துப் போயிருந்தேன்.

வழக்கறிஞர் பட்டர்வொர்த்காரர். அப்பா லாரி ஓட்டுநர். பிரிட்டிஷ் சட்டப் பட்டத்தை உள்ளூரிலேயே படித்து, வழக்கறிஞர் தகுதிக்கான சி.எல்.பி. தேர்வு எழுதி, ஒன்பது மாதம் சேம்பரிங் எனும் தொழிற்பயிற்சி முடித்தவர்.

ஜார்ஜ்டவுன் இருக்கும் பினாங்குக்கு அரச சாசனத்தின்படி நீதிமன்றம் வந்தது 1807-இல். செட்டியார்கள் கிட்டங்கி வைத்து வட்டிக்கடை நடத்திய பினாங் ஸ்ட்ரீட் இங்கிருந்து நடைதூரம். மலேசியாவின் ஒப்பந்தச் சட்டமும் 1872-ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தை அடியொற்றியதுதான். ஒப்பந்தத்தை மீறினால் தரவேண்டிய தண்டத்தைப் பற்றி அங்கே 74-ஆம் பிரிவு, இங்கே 75. தாமதித்தால் இவ்வளவு தண்டம் என்று ஒப்பந்தத்தில் எழுதிவைத்தாலும், உண்மை நட்டத்தை நிரூபிக்க வேண்டும் என்றது கூட்டரசு நீதிமன்றத்தின் 1995-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. 2018-இல் கியூபிக் எலக்ட்ரானிக்ஸ் வழக்கில் அதே நீதிமன்றம் அந்த இறுக்கத்தைத் தளர்த்தியது: தொகை நியாயமற்றது என்று காட்டும் பொறுப்பு ஒப்பந்தத்தை மீறியவருடையது. இதை விளக்கும்போது வழக்கறிஞர் குரலில் உற்சாகம் ஏறியது. வியாபாரியின் இன்வாய்ஸ் அடியிலும் தாமத வட்டி அச்சாகியிருந்ததே!

வழக்கு ஆவணம் கையில் கிடைத்தபின் எதிர்த்தரப்பு முன்னிலையாவதற்கு 14 நாள். மறுப்புரை எங்கிருந்து வரும் என்பதை வழக்கறிஞர் இப்போதே யோசித்தாக வேண்டும். கையெழுத்துக் குவியலைத் தள்ளி வைத்தார்.

“இதுல போட்டது யாரு, அங்கிள்?”

“சமையக்கட்டுப் பையன்மா. இப்ப கூலிம்ல இருக்கான்.”

கடன் கொடுத்தவரே கூனிக் குறுகும்படியான இரண்டு வருட அலைச்சலில், யாரோ ஒருவர் அவர் தாள்களை ஒவ்வொன்றாகப் படித்தது இதுவே முதல் முறை என்று எனக்குப் பட்டது.

“அவரோட முழுப் பேரு?” என்று கேட்டுப் பேனாவை எடுத்தார் வழக்கறிஞர்.