எதிர் சன்னலுக்கு மேலே

லண்டனை விட்டு வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. அங்கே ஏங்குவதற்கு என்ன இருக்கிறது என்று எங்கள் ஊர் ஆலங்குடியில் கேட்பார்கள். குளிருக்கா, ஈஸ்ட் ஹாம் மளிகைக் கடையில் அரிசி மூட்டை தூக்கியதற்கா? எனக்கு நினைவில் வருவது டிஸ்ட்ரிக்ட் லைன் சுரங்க ரயில் பெட்டிதான். உட்கார்ந்து நிமிர்ந்தால் எதிர் சன்னல்களுக்கு மேலே விளம்பர அட்டைகள் வரிசையாக இருக்கும். இன்சூரன்ஸ், டெலிபோன் கார்டு, தலைவலி மாத்திரை. இடையில் ஒன்று மட்டும் எதையும் விற்காது. அதில் ஒரு கவிதை இருக்கும்.

1986 ஜனவரியில் ஜூடித் செர்னைக் என்ற எழுத்தாளரும், ஜெரார்ட் பென்சன், சிசிலி ஹெர்பர்ட் என்ற இரு கவிஞர்களும் தொடங்கிவைத்த காரியம் அது. முதலில் ஒட்டிய ஐந்து கவிதைகளில் ஷெல்லியுடையது ஒன்று. இன்னொன்று கயானாவிலிருந்து குடியேறிய கிரேஸ் நிக்கோல்ஸ் எழுதியது. லண்டனில் இருந்துகொண்டு அம்மாவின் சாப்பாட்டுக்கு ஏங்குவதைப் பற்றிய கவிதை. ஊர்விட்டு வந்தவர்கள் பாதிப்பேர் ஏறி இறங்கும் ரயிலில் அதை ஒட்டத் தோன்றியதே, அந்த மனசை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

எங்கள் ஊர் டவுன் பஸ்ஸில் குறள் எழுதியிருக்கும். கம்பியைப் பிடித்துக்கொண்டு படிப்போம். கூட்டத்தில் இரண்டாவது அடி யார் தலைக்காவது பின்னால் மறைந்துவிடும். மீதியை வாய் தானாகச் சொல்லிக்கொள்ளும். அதையெல்லாம் பஸ்ஸிலேயே விட்டுவிட்டுத்தான் விமானம் ஏறியதாக நினைத்திருந்தேன்.

ஒரு நாள் வேலை முடிந்து திரும்பும்போது எதிர் சன்னலுக்கு மேலே செம்புலப்பெயனீரார் இருந்தார். குறுந்தொகையின் 40ஆம் பாட்டு, ஏ.கே. ராமானுஜனின் ஆங்கிலத்தில். தாயைப் பற்றிய கேள்வியைப் படித்ததுமே பிடிபட்டுவிட்டது. கண் ஆங்கிலத்தில் போக, உள்ளே தமிழ் முந்திக்கொண்டு ஓடியது. பள்ளிக்கூடத்தில் மார்க்குக்காக நெட்டுருப் போட்ட பாட்டு. அன்றைக்குத்தான் அதைக் கேட்டேன் என்று சொல்ல வேண்டும்.

எழுதியவரின் சொந்தப் பெயர்கூட நம்மிடம் இல்லை; செம்மண்ணில் பெய்த மழைநீர் என்று அவர் சொன்ன உவமையையே பெயராக்கி வைத்திருக்கிறோம். ராமானுஜனுக்கும் இந்தப் பாட்டுகள் தேடாமல்தான் கிடைத்தன. 1962இல் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறையில் அவர் தேடிப் போனது ஒரு பழந்தமிழ் இலக்கண நூலை. கையில் அகப்பட்டது உ.வே.சா. 1937இல் பதிப்பித்த தொகை நூல். அலமாரிகளுக்கு இடையில் தரையிலேயே உட்கார்ந்து புரட்டினாராம். அதுவும் மண்ணுக்குக் கீழேதான்.

அன்று பிளேஸ்டோவில் ஒரு கறுப்பினப் பெண்மணி ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். அறுபது வயதிருக்கும். நாளெல்லாம் நின்று வேலை பார்த்தவர் போல ஷூவிலிருந்து குதிகாலை மெல்ல வெளியே எடுத்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்தார். உதடு அசைய ஒருமுறை படித்தார், மறுபடி படித்தார். கைப்பையிலிருந்து பழைய கவர் ஒன்றையும் பென்சிலையும் எடுத்து, போ ரோடு சுரங்கத்துக்குள் ரயில் நுழைவதற்குள் பாதியை எழுதிவிட்டார். மைல் எண்ட் வந்ததும் கவரை நாலாக மடித்து வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

இது எங்கள் பாட்டும்மா என்று நான் சொல்லியிருக்கலாம். எங்கள் ஊர் மண்ணும் அந்தச் சிவப்புதான், மழை விழுந்தால் வாய்க்காலில் வருவது தேநீரா தண்ணீரா என்று தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆங்கிலம் கூச்சமாக இருந்தது. இரண்டு ஸ்டேஷன் தள்ளி ஒயிட்சேப்பலில் நானும் இறங்கிவிட்டேன்.

நேற்று சாயங்காலம் இங்கே மழை. கடலைக்கொல்லை வரப்பில் தண்ணீர் சிவந்து ஓடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தக் கவர் இப்போது எந்த வீட்டில், எந்தப் புத்தகத்துக்குள் இருக்கிறதோ.